பத்தர் கடித்ததா, பிறவிக் கடியா?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் 60 வருஷமாக டேலி ஆகாத கணக்கு ஒன்று இருந்தது. 1918-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். சர்க்கார் எடை 11.66 கிராம். எங்களுடையது பத்தே முக்கால்தான். ஓரத்தில், எலி கடித்த அப்பளம் மாதிரி, பிறை வடிவில் ஒரு துண்டு காணோம்.

"மெருகு போடக் கொடுத்தேன். பத்தர் கை வெச்சுட்டார்." இது பாட்டியின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது. அதோடு பத்தருக்கு எங்கள் வீட்டு வேலை போயிற்று. பாட்டியின் வாய் சாமர்த்தியத்தில் தெருவில் இன்னும் நாலு வீடும் போயிற்று.

பழங்காசு ஆராய்கிறவர்கள் முதலில் கேட்பது, கோளாறு அச்சிலா, வில்லையிலா, வெளியே வந்த பிறகா என்பதைத்தான். அச்சில் என்றால் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் இருக்கும். 1911 ரூபாயில் ராஜா அங்கியிலிருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று புகார் கிளம்பி, காசையே திரும்பப் பெற்று, 1912-ல் யானை யானையாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். அது ஊர்ப் பொதுத் தப்பு.

வில்லைத் தப்பு தனி ஆள். வெள்ளித் தகட்டில், தட்டைக்கு மாவை டபராவால் வெட்டுகிற மாதிரி, வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். ஏற்கெனவே வெட்டிய ஓட்டைமேல் அடுத்த வெட்டு ஏறிவிட்டால், வில்லை பிறைக் கடியோடு பிறக்கும். அடுத்து, ஓரத்தை அழுத்தி விளிம்பு எழுப்பும் மிஷின். கடிபட்ட இடத்தில் பிடிமானம் இல்லாததால், நேர் எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு மங்கிவிடும். கடிக்குப் பக்கத்து எழுத்துகளும் இழுபட்டு நிற்கும். அரத்தால் ராவித் திருடினால் எழுத்து வெட்டுப்பட்டு நிற்கும். எதிர்ப்பக்கமோ புதுசாகவே இருக்கும்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடிக்கு நேர் எதிரே விளிம்பு மங்கல். எழுத்துகள் கடிப்பக்கமாக இழுபட்டிருந்தன. அரம் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை!

பத்தர் காலமாகி 20 வருஷம். அவர் மகன் கடைவீதியில் பட்டறை வைத்திருக்கிறார். அப்பாவும் நானும் காசோடு போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பாவும் இதைத்தான் சொன்னார் சார், காசு பொறந்ததே இப்படித்தான்னு. அப்ப யார் கேட்டா?"

என் அப்பா பதில் பேசவில்லை. பையிலிருந்து பாட்டியின் பழைய தோட்டை எடுத்து, உருக்கிப் பேத்திக்கு ஜிமிக்கி செய்யச் சொன்னார்.

மகன் தராசை எடுத்தார். "அதெல்லாம் வேண்டாம்" என்றார் அப்பா.