இன்னும் ரெண்டு நாற்காலி காலி

பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ்ல எங்க ஷாப்புல சிஎன்சி மெஷின் ஓட்டும் தர்மபுரிக்காரர், டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பாப்பா பிளஸ் டூ படிக்குது. மிலிட்டரி ஆபீசர் ஆகணுமாம். ஸ்காலர்ஷிப் ஏதாச்சும் கிடைக்குமா?"

செலவே இல்லைன்னு சொன்னேன். என்.டி.ஏ. தேர்வை யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது. பொண்ணுங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தேர்வானா கடக்வாஸ்லாவில் மூணு வருஷப் படிப்பு, பயிற்சி எல்லாம் அரசாங்கச் செலவு. 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்களுக்குக் கதவு திறந்தது. 2022-ல் சேர்ந்த முதல் பேட்ச்ல 17 பேர் 2025 மே மாசம் பயிற்சியை முடிச்சாங்க.

அவர் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். எனக்குத்தான் உறுத்தல்.

2001-ல் நானும் எழுத்துத் தேர்வில் தேறி, இதே பெங்களூருக்கு எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு வந்தவன். மொத்தம் அஞ்சு நாள். முதல் நாளே மங்கலான ஒரு படத்தை முப்பது செகண்ட் காட்டுவாங்க. நாலு நிமிஷத்துல அதுக்குக் கதை எழுதணும். அப்புறம் குழுவா உட்கார்ந்து விவாதிக்கணும். கணக்குல புலி நான், அங்க வாயே திறக்கலை. அதுவரைக்கும் என்கிட்ட யாரும் "நீ என்ன நினைக்கிற?"ன்னு கேட்டதே இல்லை. சாயங்காலமே சேலம் பஸ் ஏறிட்டேன்.

இப்படிப் பசங்களைத் தயார் பண்ணவே மகாராஷ்டிரா அரசு 1977-ல் அன்றைய அவுரங்காபாத்திலும், பஞ்சாப் அரசு 2011-ல் மொகாலியிலும் பயிற்சி நிலையம் தொடங்கினாங்க. பட்டறைகளுக்கு நடுவுல வாடகை வீட்டுல வளருற பொண்ணுக்கு யார் இருக்காங்க?

ஜாலஹள்ளியில் எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர், விமானப்படையில் இருந்து ரிட்டயரானவர். அவரைப் போய்ப் பார்த்தேன். ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டதும் சிரிச்சார்.

"காசு எதுக்குப்பா? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. ஆனா ஒத்தைப் பொண்ணை வெச்சு விவாதம் எப்படி நடத்துறது? எட்டுப் பேராவது வேணும். நீயும் உட்காரு."

போன ஞாயிறு ஆறு பேர் சேர்ந்தோம். அந்தப் பொண்ணு, அவ தோழிங்க ரெண்டு பேர், என் பையன், அவ அப்பா, நான். கால் மணி நேரம் அவ குனிஞ்ச தலை நிமிரலை. அச்சு அசல் 2001-ல் இருந்த நான்! திடீர்னு நிமிர்ந்து, "இல்ல அங்கிள், நீங்க சொல்றது தப்பு"ன்னா.

அவ அப்பா பதறிப் போய் என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பீன்யா, ஜாலஹள்ளி பக்கம் இருக்கிறவங்க வாங்க. இன்னும் ரெண்டு நாற்காலி காலியா இருக்கு. தூரத்துல இருக்கீங்களா? உங்க தெருவுலயும் ரிட்டயரான ராணுவக்காரர் ஒருத்தர் இருப்பார், கேட்டுப் பாருங்க :-)