ஈறு கசிந்தால்

தென்காசிப் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் குற்றவாளி சூடுதான். அதற்கு முதல் மருந்து குற்றாலம். சாரல் விழத் தொடங்கிவிட்டால் வைத்தியர்களுக்குக்கூட ஓய்வு கிடைத்துவிடும்!

என் அத்தைக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் கசிந்தது. "சூடுதான், ஐயா! நாலு நாள் ஐந்தருவியில் நின்றால் சரியாகிவிடும்" என்றாள். இரத்தத்துக்குப் பயந்து ஈறோரம் துலக்குவதையும் விட்டுவிட்டாள். வலி இல்லாததால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. சில வருஷங்களில் பற்கள் ஆடின. ஐம்பத்தைந்து வயதுக்குள் முன்வரிசை முழுதும் போயிற்று. விழுந்த பற்களில் ஒன்றிலாவது சொத்தை இல்லை என்பதே எங்களைத் திகைக்க வைத்தது.

வைத்தியர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஈறோரம் பல்லின்மேல் படியும் மெல்லிய அழுக்கில் கிருமிகள் பெருகுகின்றன. நாளடைவில் அது சுண்ணாம்புக் காரைபோல் இறுகுகிறது. ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலகுகிறது. பிறகு பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. வேரடி மண்ணை வெள்ளம் அரித்துவிட்டால் வைரம் பாய்ந்த மரமும் சாயத்தானே செய்யும்? கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் 480 பேரை ஹரால்டு லோ என்ற நிபுணரும் அவருடைய சகாக்களும் 1970 முதல் 1985 வரை பரிசோதித்து வந்தார்கள். பல் வைத்தியமே அறியாத அவர்களிடம் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது. 81 பேருக்கு நிதானமாக முற்றியது. 11 பேருக்கே ஈறு வீக்கத்தோடு நின்றது.

அதே நிபுணர் 1965-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்குத் தைரியம் தருகிறது. 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சொஸ்தமாயிற்று. ஆகவே, ஆரம்பத்தில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மிருதுவான பிரஷ்ஷால் ஈறோரத்தை இதமாக, தினம் இருமுறை சுத்தம் செய்யவேண்டும். இறுகிய காரையை வைத்தியர்தான் எடுக்கவேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்நோய் எளிதில் முற்றும். புகை பிடிப்பவர்களுக்கோ இரத்தக் கசிவு என்ற எச்சரிக்கைகூட மறைந்துவிடலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'சூடு' என்று சொன்னால் தாராளமாகக் குற்றாலத்துக்கு அழைத்துப் போங்கள். போகிற வழியில், தென்காசியில் இறங்கி, பல் வைத்தியரையும் பார்த்துவிட்டுப் போங்கள்.