கூத்துச் சொற்கள் சில

“வகுப்பறையில் என்ன கூத்தடிக்கிறாய்?” என்று கடைசி வரிசை மாணவன் ஒருவனை நாம் கடிந்துகொண்ட நாளில், கரும்பலகையில் எழுதியிருந்த தலைப்பு ‘அரங்கேற்று காதை’. மாதவியின் கூத்தை விளக்கிக்கொண்டிருந்த வாயே அச்சொல்லை வசையாகவும் உமிழ்ந்தது நமக்கு அப்போது உறைக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய தந்தை பென்னாகரம் பக்கத்தில் கூத்து வாத்தியார் என்பதைப் பின்னர்ப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம். சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் ‘விவசாயம்’ என்றிருந்தது.

அவ்வாண்டுச் சித்திரையில் அவ்வூர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடந்தது. அழைத்துச் செல்லுமாறு நாமே அவனிடம் கேட்டோம். நெடுநேரம் தயங்கிய பின் ஒப்புக்கொண்டான். அன்றிரவு ‘பதினெட்டாம் போர்’. அவன் தந்தைக்குத் துரியோதனன் வேடம். கூத்தை முதன்முறை காணப்போகும் நண்பர்களுக்கு உதவக்கூடும் என்பதால், அங்கே நாம் கற்ற சொற்கள் சிலவற்றை இங்கே எழுதிவைக்கிறோம்.

முதற்சொல், கட்டை. கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்யும் அணிகளுக்கு அதுவே பெயர். தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம். மன்னரும் மாவீரரும் கட்டை கட்டுவர். பெண்வேடத்துக்கு அது கிடையாது. அம்மரம் எடை குறைந்தது. விடியும்வரை சுழன்றாடும் உடம்பு வேறு எதைத் தாங்கும்? முகத்தில் அரிதாரம், இடையில் விரிந்து நிற்கும் உடுப்பு, காலில் சலங்கை என்று எல்லாம் முடிந்த பின்னரே கட்டை ஏறுகிறது. வாத்தியாரின் முதுகுப்புறம் கயிற்றை முடிந்தவன் நம் மாணவன்தான். “இறுக்கிட்டா பாட மூச்சு வராதுங்க ஐயா. தளர விட்டா, சுத்தும்போது ஆள் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம் போயிடும்” என்றான். மூன்றாண்டு வகுப்பில் அவன் அவ்வளவு பேசி நாம் கேட்டதில்லை.

தெருக்கூத்து என்ற பெயரே இழிவு தொனிக்கிறது என்று கருதிக் கட்டைக்கூத்து என்றே வழங்குவோரும் உண்டு. காஞ்சிபுரத்தில் 1990இல் கலைஞர்கள் கூடித் தொடங்கிய சங்கம் அப்பெயரையே தாங்கியது. தெருவில் என்ன இழிவு என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. அந்த விண்ணப்பத்தைப் பார்த்த பின் அவ்வாறு கேட்கத் துணிவில்லை.

வேடம் புகுமுன் மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்கிக் கூட்டத்தை அமர்த்துவது களரி கட்டுதல். கட்டியங்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரசனை அறிவிப்பவனும் அவனே, அரசனைக் கேலி செய்பவனும் அவனே.

திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனச் சிலம்பு கூறும் திரைகளை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் கோடு கிழித்து விளக்கி வருகிறோம். அங்கே இருவர் ஒரு துணியை இருமுனையிலும் பிடித்து நின்றனர். அதன் பின்னிருந்து திரை விருத்தம் எழுந்தது. கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. பிள்ளைகள் கால்களைப் பார்க்கக் குனிந்தார்கள். நாமும் குனிந்தோம்.

வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று நூலோர் பிரிப்பர். தங்களுடையது எப்பாணி என்று இடைவேளையில் வாத்தியாரை வினவினோம். “எங்கப்பா பாணிங்க” என்றார்.

காலையில் படுகளம். தரையில் மண்ணால் வனைந்து கிடத்திய பெரிய துரியோதனனைச் சுற்றி, வேடந்தரித்த துரியோதனன் ஓடினார். திரௌபதி கூந்தல் முடித்ததும் சனங்கள் கலைந்தனர்.

மாணவன் கட்டைகளைப் பழைய புடவைத் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வகுப்பில் அன்று சொன்னதற்கு வருந்துகிறோம் என்றோம்.

“பரவால்லைங்க ஐயா. ஊர்லயும் அப்படித்தான் சொல்றாங்க” என்றான், நிமிராமலே. பிறகு கிரீடத்தை நம் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்; பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.