கண்டாலா மலைப்பாதையும் ஒரு சிவப்பு விளக்கும்

மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னைக்குப் பிரயாணம் செய்யும் நம்மவர்களுக்குக் கர்ஜத் ஸ்டேஷன் புதிதன்று. அங்கே பெரும்பாலான வண்டிகளின் பின்புறத்தில் தள்ளு இஞ்சின்களைப் பூட்டுவார்கள். அந்தச் சில நிமிஷங்களுக்குள் ஜன்னலோரம் வடா பாவ் வாங்கி முடித்துவிடுவது நம் குழந்தைகளுக்குக் கைவந்த கலை. அதன்பின் லோணாவளா வரை 28 கிலோமீட்டர் தூரம் மலையேற்றம். செங்குத்தான இடங்களில் 37 மீட்டர் ஓடுவதற்குள் பாதை ஒரு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. இந்தக் கணவாய்க்குப் ‘போர் காட்’ என்று பெயர். பெயரைக் கேட்டு யுத்தம் என்று எண்ணிவிட வேண்டாம்; அது இவ்விடத்து மராத்திப் பெயர்.

ஆயினும் இப்பாதையை அமைத்தது ஒரு யுத்தத்துக்குக் குறைந்த காரியமன்று. 1856இல் தொடங்கிய வேலை 1863இல் நிறைவெய்தியது. பாறையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலத்தால் கடந்தும் உழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நோய்க்கும் விபத்துக்கும் பலியாயினர். 1859இல் ஒப்பந்தக்காரராக வந்த சாலமன் டிரெட்வெல் என்னும் ஆங்கிலேயர் வந்த சில நாட்களிலேயே காலமானார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, தேர்ந்த இஞ்சினியர்களைக் கொண்டு வேலையை நடத்தினார். இந்தச் செய்தியை நம் பெண்மக்கள் அறிந்திருத்தல் நன்று.

ரயிலுக்கு முன்பே இங்கே சாலை உண்டு. கண்டாலா அருகே 1830இல் கட்டப்பெற்ற கற்பாலம் ஒன்று ‘அமிர்தாஞ்சன் பாலம்’ என வழங்கிற்று. பக்கத்தில் நின்ற தைல விளம்பரப் பலகையால் வந்த பெயர் அது. 1893இல் பம்பாயில் பிறந்து, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்த தைலம் அது. நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். தைலம் இங்கிருந்து அங்குச் சென்றது! பாலத்தை 2020 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். ஆனால் அவ்விடத்தின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்திருக்கிறது.

சென்ற ஆடி மாதத்து ஞாயிறன்று இச்சாலையில் செல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. என் மைத்துனர் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அவர், என் மாமியார், என் மனைவி, ஆறு வயது மகள், நான் ஆகிய ஐவரும் கல்யாணிலிருந்து பத்லாபூர், கர்ஜத், கோபோலி வழியாகப் புறப்பட்டோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. மலைகள் யாவும் பச்சைப் பட்டு உடுத்தி, வெள்ளிச் சரிகையென அருவிகளைத் தொங்கவிட்டிருந்தன.

காருக்கு ஒரு தீராத நோய். பின்புறத்து இடக் கதவு நன்றாக மூடியிருந்தாலும், திறந்திருப்பதாகச் சிவப்பு விளக்கு எரியும்; மணியும் ஒலிக்கும். கோபோலி சேர்வதற்குள் நான்கு முறை நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து அறைந்தோம். நான்கு முறையும் பொய். “ஊரில் ஒரு மெக்கானிக் அந்த ஒயரைக் கத்தரித்துவிடலாம் என்றார். நாளைக்கே செய்துவிடுகிறேன், அத்தான்” என்றார் மைத்துனர், சலிப்புடன்.

கண்டாலாவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அழகைக் கண்டுகளித்து மீண்டும் ஏறினோம். வண்டி நகர்ந்ததும் மணி ஒலித்தது. “ஐந்தாம் பொய்” என்று சிரித்தார் மைத்துனர். என் மனைவி சிரிக்கவில்லை. “தம்பி, ஓரமாக நிறுத்து. குழந்தை அந்தக் கதவில்தான் சாய்ந்திருக்கிறாள்” என்றாள். நிறுத்திப் பார்த்தோம். குழந்தையின் மழைக்கோட்டுப் பட்டை தாழ்ப்பாளில் சிக்கி, கதவு பாதியே பூட்டியிருந்தது. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் மூடுபனி நிறைந்த பள்ளம். அதன்பின் சிறிது நேரம் காரில் யாரும் பேசவில்லை. மாமியார் மட்டும் பேத்தியை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார்.

லோணாவளாவில் முதிய மிஸ்திரி ஒருவர் விஷயத்தை விளக்கினார். கார்க் கதவின் தாழ்ப்பாள் இரண்டு படியாகப் பூட்டுவது. முதற்படியில் கதவு திறந்து பறக்காது. ஆனால் முழுமையாகவும் மூடாது. பல பழைய கார்களில் கதவுச் சட்டத்தில் பொத்தான் போன்ற சிறு சுவிட்சு இருக்கும். கதவு மூடினால் அது அழுந்தி மின்னோட்டம் நிற்கும். திறந்தால் மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரியும். எங்கள் காரில் சுவிட்சின் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, துருவும் பிடித்திருந்தது. ஈரமே வழியாக மின்னோட்டம் பாய்ந்ததால்தான் அத்தனை பொய்களும். அவர் துருவைத் துடைத்துப் புதிய சுவிட்சும் உறையும் பொருத்தினார். ஒயரைக் கத்தரிப்பது பற்றி மைத்துனர் கேட்டதற்கு, “கத்தரித்தால் விளக்கு என்றைக்கும் எரியாது, கதவு திறந்திருந்தாலும் எரியாது” என்றார்.

ரயில்வேக் குமாஸ்தாவான எனக்கு இது சிந்தனையைத் தூண்டிற்று. எங்கள் தண்டவாளங்களில் முறை நேர் எதிரானது. அங்கே சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால்தான் சிக்னல் பச்சை காட்டும். வண்டி நின்றாலும், ஒயரே அறுந்தாலும், சிவப்புதான் விழும். பழுது நேர்ந்தால் அபாயம் என்று சொல்வதே அதன் இயல்பு. இத்தகைய காரிலோ, ஈரம் பட்டால் வீண் கூச்சல். ஒயர் அறுந்தால் வீண் அமைதி. கூச்சல் தொல்லை தருவது; அமைதியோ உயிருக்கு உலை வைப்பது.

கார் வைத்திருக்கும் அன்பர்கள் மழைக்காலத்துக்கு முன் சில காரியங்களைக் கவனித்தல் நலம். கதவுச் சுவிட்சை உலர்ந்த துணியால் துடையுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். புதிய கார்களில் சுவிட்சு தாழ்ப்பாளுக்குள்ளேயே இருப்பதால், அதனை மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்விளக்கு அணையாமல் இரவெல்லாம் எரிந்தால் பாட்டரி தீர்ந்துவிடும். பின்கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டு வையுங்கள். விளக்கு நூறு முறை பொய் சொன்னாலும், நூற்றோராம் முறையும் பத்திரமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சீர் செய்வதற்குச் சலிப்பு வேண்டாம். கத்தரிப்பதற்கு அவசரம் வேண்டாம்.

ஊரிலிருந்து திரும்பும்போது, மலையிறங்கும் ரயில் மங்கி ஹில், தாகூர்வாடி போன்ற இடங்களில் காரணமின்றி நிற்பதாகத் தோன்றும். அங்கே தறிகெட்ட வண்டியை ஏற்றி நிறுத்தும் கிளைப்பாதைகள் உண்டு. பாதை எப்போதும் அந்தக் கிளையை நோக்கியே திருப்பப்பட்டிருக்கும். வண்டி நின்று, தன் பிரேக்கு சரியாக இருக்கிறதென்று மெய்ப்பித்த பிறகே நேர்வழி திறக்கும். “ஏன் நிற்கிறது?” என்று குழந்தைகள் கேட்டால் இதனை எடுத்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிஷத் தாமதத்தை நம்பித்தான் நாம் அனைவரும் பத்திரமாக வீடு சேர்கிறோம்.