கடைசி வரிசையும் வகுப்பறைதான்

1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய மலேசியத் தமிழ்க்கல்வி இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து வந்துவிட்டது. இன்று நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் கட்டடம், கணினி அறை, மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். வகுப்பறைக்குள் கற்றலும் கற்பித்தலும் எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுகிறோமா? தமிழ்ப்பள்ளியில் படித்து இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவன் என்ற முறையில், நான் கண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் படித்தது ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி. என் வகுப்பில் மொத்தமே 11 பேர்தான். அவர்களுள் ஒருவன் என் நெருங்கிய நண்பன். அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். மூன்றாம் ஆண்டு வந்தும் அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. அந்த ஆண்டு எங்களுக்கு வாய்த்த வகுப்பாசிரியை, பெருக்கல் கற்பிக்கும்போது அவனைப் பார்த்துதான் கேட்பார். "தம்பி, ஒரு தள்ளுவண்டியில் ஆறு குலை. அப்பா எட்டு நடை தள்ளினால் எத்தனை குலை?" நாங்கள் எழுதுகோலை எடுப்பதற்குள் அவன் "நாற்பத்தெட்டு, டீச்சர்" என்பான். பிறகு அந்தக் கணக்கையே கரும்பலகையில் ஒரு வாக்கியமாக எழுதி, அவனை வாசிக்கச் சொல்வார். குலை, வண்டி, அப்பா என்று அவனுக்குத் தெரிந்த சொற்களின் வழியாகவே எழுத்துகள் அவனுக்கு அறிமுகமாயின. ஆண்டு முடிவதற்குள் இரண்டு மூன்று வரிகளைத் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டான். மறு ஆண்டு ஆசிரியைக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தது.

2015இல் நாங்கள் ஆறாம் ஆண்டு. ஜனவரி மாதமே யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. பாடநூல் ஓரமாகப் போய்ப் பயிற்றிகள் மேசைக்கு வந்தன. அறிவியல் பரிசோதனைகளைச் செய்து பார்க்காமலேயே அவற்றின் முடிவுகளை மனனம் செய்தோம். கட்டுரைகளையும் அப்படியே. தேர்ச்சி பெறக்கூடியவர்கள் முன் வரிசையில் அமர்த்தப்பட்டார்கள். கூடுதல் வகுப்பு நடக்கும் வேளையில், பின் வரிசையில் இருந்தவர்களுக்கு வண்ணம் தீட்டும் தாளோ, பூச்செடிகளுக்கு நீர் ஊற்றும் வேலையோ தரப்பட்டது. அவர்களை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. யாரும் அவர்களிடம் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். என் நண்பன் அங்கேதான் இருந்தான்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. எத்தனை ஏ என்பதுதான் எல்லாருடைய கேள்வியாகவும் இருந்தது. தேர்ச்சி குறைந்தால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். மாணவர் குறைந்தால் சிறிய பள்ளி தாக்குப்பிடிக்காது. அந்த அச்சம்தான் பள்ளியை ஓட்டிக்கொண்டிருந்தது.

தேர்வு முடிவு வந்தது. இருவருக்கு 7 ஏ. பள்ளி நுழைவாயிலில் தொங்கிய பதாகையில் என் முகமும் இருந்தது. மலாய்மொழியில் தேர்ச்சி பெறாததால் என் நண்பன் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனான். படிவம் இரண்டோடு படிப்பையே நிறுத்திவிட்டு அப்பாவுடன் குலை வெட்டச் சென்றான். சென்ற விடுமுறையில் அவனைச் சந்தித்தபோது, வங்கிப் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டி நிரப்பித் தரச் சொன்னான். அந்த மாதம் எத்தனை டன் வெட்டினான், எவ்வளவு கூலி வர வேண்டும் என்பதையெல்லாம் மனக்கணக்காகவே சொன்னான். கற்கும் ஆற்றல் இல்லாதவன் என்று அவனை எப்படிச் சொல்வது?

1988இல் அறிமுகமான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை குறிக்கப்படுகிறது. இது நல்ல வாய்ப்பு. ஆனால், இரண்டாம் நிலையில் நிற்கும் பிள்ளைக்கு நாளைய பாடத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று ஆசிரியர் சிந்தித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இல்லையென்றால் 7 ஏ இருந்த இடத்தில் இன்னோர் எண் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நண்பர்களே, நம்மில் சிலர் ஆசிரியராகப் போகிறோம். பலர் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று தன்முனைப்பு உரை ஆற்றுகிறோம். மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசுவதோடு நின்றுவிடாமல், வாரம் ஒரு முறை இரண்டு பிள்ளைகளின் அருகில் அமர்ந்து அவர்கள் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கலாமே. அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கலாம். எந்தப் பள்ளிக்குப் போனாலும் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியின் கல்வித் தரம் அங்கேயே தெரிந்துவிடும்.