யானைக்குத் தீனி

யானையை வாங்குவது பெரிதன்று, அதற்குத் தீனி போடுவதே பெரிது என்பார்கள். இன்று யானை வளர்ப்போர் நம்மிடையே இல்லை. ஆனால், நாற்பதாண்டு கடந்த மோட்டார் வண்டியொன்றை முற்றத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் பசியை ஆற்ற வழி தெரியாமல் விழிப்போர் ஊருக்கு ஒருவராவது உளர். எங்கள் ஊரில் அந்த ஒருவன் நான்.

வண்டி 1984ஆம் ஆண்டு அம்பாசடர். மாருதியின் சிறிய கார் வெளிவந்து சில திங்களே ஆகியிருந்த காலம். முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு, முறை வரும்வரை காத்திருந்து கார் வாங்கிய காலம். என் வாப்பா அரிசி வணிகத்தில் ஈட்டிய பணத்தில் அதை வாங்கினார்கள். 2003இல் அவர்கள் மறைந்தபோது கடை தம்பிக்கும், வீடு எனக்கும், வண்டி ஒருவருக்கும் இல்லாமலும் நின்றது. 'வீடு யாருக்கோ, வண்டியும் அவருக்கே' என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பின் பொருள், முதல் பட்டறைச் செலவுக் கணக்கைப் பார்த்த அன்றே எனக்கு விளங்கிற்று.

பழைய வண்டி என்றதும் பலர் நினைப்பது, 'விலை கொடுத்து முடிந்த பொருள்தானே, இனி என்ன செலவு?' என்பதாகும். இந்த எண்ணத்தோடு பழைய வண்டி வாங்க நினைக்கும் இளைஞர்கள் நம் வீடுகளில் மிகுதி. அவர்களுக்காகவே என் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை இங்கே விரித்து வைக்கிறேன்.

2024ஆம் ஆண்டுக் கணக்கு இது. பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். காப்பீடு 4,000. நான்கு டயர்கள் 17,000. பேட்டரி 5,500. பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் சக்கரச் சிலிண்டர்களும் 6,800. கார்ப்பரேட்டர் பழுது, பெட்ரோல் குழாய்கள், பம்பின் டயாபிரம் ஆகியவை 4,200. தரைத் தகடு துருவேறி ஓட்டை விழுந்ததால் டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் 38,000. மெக்கானிக் கூலி 14,000. ஆக மொத்தம் 94,500 ரூபாய். அவ்வாண்டு வண்டி ஓடிய தூரம் 2,700 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 35 ரூபாய்! லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியாகையால், பெட்ரோலுக்கு மேலும் 11 ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார்க்காரர் கேட்பதைப் போல இரு மடங்குக்கும் மேலாகிறது.

நியாயமாகச் சொல்வதானால், எல்லா ஆண்டும் இப்படியன்று. டயரும் டிங்கரிங்கும் ஆண்டுதோறும் வருவன அல்ல. அடுத்த ஆண்டில் 31,000 ரூபாயோடு வண்டி என்னை விட்டுவிட்டது. மறுபக்கத்தையும் பார்ப்போம். எட்டு இலட்சம் கொடுத்து வாங்கும் புதிய கார், ஐந்தாண்டில் பாதி மதிப்பை இழக்குமானால், ஆண்டுக்கு 80,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது. ஆகவே பணக் கணக்கில் இரண்டுக்கும் இடையே நாம் நினைக்கும் அளவுக்கு வேற்றுமை இல்லை. புதிய வண்டியின் இழப்பு ஓசைப்படாமல் நிகழ்கிறது. பழைய வண்டியோ, விடியற்காலையில் வந்து கதவைத் தட்டும் கடன்காரனைப் போல, நாம் எதிர்பாராத நாளில், கையில் பணம் இல்லாத வேளையில், நடுத்தெருவில் நின்றுகொண்டு கேட்கிறது.

எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்றுக்காக மேலப்பாளையத்திலிருந்து காயல்பட்டினம் புறப்பட்டோம். மே மாதம், பகல் பதினொரு மணி வெயில். வண்டியில் உம்மா, லாத்தா, என் மனைவி, முன்னிருக்கையில் மச்சான். ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் வண்டி இருமிற்று, இரண்டு முறை குலுங்கிற்று, நின்றுவிட்டது. தாம்பூலத் தட்டுகளும் பட்டுப் புடவைகளுமாகப் பெண்கள் புளியமரத்தடியில் இறங்கி நின்றார்கள். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

நோய் இன்னதென்று எனக்குத் தெரியும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பு, திரவத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. கைக்குட்டையை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பதே மருந்து. அப்படியே செய்தோம், வண்டி கிளம்பிற்று. நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளை எழுந்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அந்த அரை மணி நேரத்தை எந்தக் கணக்குப் பக்கத்தில் எழுதுவது?

வண்டி பழையது என்பது பாதிக் காரணமே. அது பிறந்த உலகம் மாறிவிட்டது என்பது மறுபாதி. 1984இல் விற்ற பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. மனித உடலுக்கு அது நஞ்சு. ஆனால் பழைய எஞ்சினின் வால்வுகள் அமரும் இடத்துக்கு அது ஒரு மெல்லிய மெத்தையாக இருந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. குழந்தைகளின் மூளைக்கு நன்மை; யாரும் வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் எங்கள் வண்டியின் வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின. எஞ்சின் தலையைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கடினமான உலோக வளையங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று.

இப்போது எத்தனால் வந்திருக்கிறது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, இரண்டே ஆண்டில் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. பெட்ரோல் தொட்டியின் இரும்பு துருப்பிடிக்க அதுவே போதும். பழைய ரப்பர்க் குழாய்களை அது ஊதச் செய்து, பிறகு வெடிக்க வைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே. புதிய வண்டிகளில் இதையெல்லாம் அளந்து, எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் கருவிகள் உண்டு. கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. திருப்புளி கொண்டு நாம் திருகி வைத்த அளவே அதற்கு வேதவாக்கு.

உதிரிப்பாகங்களின் கதை தனிக்கதை. வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுபோயிற்று. அதன்பின் பாகம் வேண்டுமென்றால், பழைய கையிருப்பைத் தேட வேண்டும். அல்லது உடைக்கப்பட்ட வண்டியில் தேட வேண்டும். அல்லது சிறு பட்டறைகளில் வார்த்த போலியை வாங்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையும் கல்கத்தாவின் மல்லிக் பஜாரும் எங்களைப் போன்றோரின் யாத்திரைத் தலங்கள். ஒருமுறை நூற்றிருபது ரூபாய் பெறும் ரப்பர் புஷ் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைக்கக் கூரியருக்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். வந்த புஷ்ஷும் மூன்றே மாதத்தில் பிளந்துவிட்டது.

அரசும் பழைய வண்டிகளைக் கனிவோடு நோக்குவதாகக் கூற இயலாது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனை, பிறகு ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிப்பு, பசுமை வரி. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. இருபதாண்டு கடந்த கார்களுக்கு அது 2025 ஆகஸ்டில் 10,000 என உயர்த்தப்பட்டது. இதைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. என் வண்டி கக்கும் புகை என் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. அண்டை வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. அதற்குரிய விலையை நான் கொடுப்பதே முறை. பாதுகாப்பும் அப்படியே. மோதினால் விரியும் காற்றுப் பையோ, பின்னிருக்கையில் பட்டியோ இதில் இல்லை. ஆகவே நான்கு வழிச் சாலையில் இதை நான் ஓட்டுவதில்லை. பேரப் பிள்ளைகளை உள்ளூரைத் தாண்டி இதில் ஏற்றுவதுமில்லை.

'பின் ஏன் வைத்திருக்கிறீர்கள்? எடைக்குப் போட்டுவிடுங்கள்' என்று கேட்கிறான் துபாயில் இருக்கும் என் மகன். பழைய வண்டிகளை முறைப்படி உடைப்பதற்கான அரசுத் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து, அவன் ஒவ்வொரு விடுமுறையிலும் இதைக் கேட்கிறான். கேட்பதில் தவறில்லை. 'வாப்பாவின் நினைவு' என்று நான் விடை கூறினால், அவன் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வான்; மனம் ஒப்பமாட்டான். நினைவு நெஞ்சில் இருக்க வேண்டியது. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோ இரும்பு எதற்கு என்பது அவன் வாதம். அதில் நியாயம் உண்டு.

என் விடை வேறு. என் உம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. இரு முழங்கால்களும் மடங்குவதில்லை. மகன் சென்ற ஆண்டு வாடகைக்கு எடுத்துவந்த புதிய காரில் அவர்களை ஏற்ற முயன்றோம். குனிய வேண்டும், தலையைச் சாய்க்க வேண்டும், பிறகு இருக்கைக்குள் விழ வேண்டும். 'இது கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கு வாப்பா' என்று உம்மா கையை இழுத்துக்கொண்டார்கள். அம்பாசடரின் இருக்கையோ நாற்காலி உயரம், கதவு அகலம். பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கால்களை மெல்ல உள்ளே வைத்தால் முடிந்தது. மருத்துவமனைக்கும் லாத்தா வீட்டுக்கும் உம்மா பிறர் தூக்காமல் போய்வரும் ஒரே வண்டி இதுதான். அந்த மானத்துக்குக் கிலோமீட்டருக்கு 35 ரூபாய் அதிகமென்று நான் எண்ணவில்லை. நான் இதைச் சொன்னபோது மகன் வாதாடவில்லை. பிரேக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அதற்கென்று பணம் அனுப்பினான்.

ஆயினும் இந்த ஏற்பாடு இன்னொரு முதியவரின் கையில் தொங்குகிறது. என் மெக்கானிக் அண்ணாச்சிக்கு எழுபத்திரண்டு வயது. எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அதை அவர் தகட்டால் அளந்து நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். விரல் நகமே அவருக்கு அளவுகோல். அவருடைய மகன் கணினி படித்துப் பெங்களூர் போய்விட்டான். பட்டறையில் இருக்கும் இரண்டு பையன்களும் புதிய வண்டிகளில் கம்பியைச் செருகித் திரையைப் படிக்கத் தெரிந்தவர்கள். 'இந்த வண்டில கம்பி செருக எடமே இல்லையே பாய், இவனுவ என்ன செய்வானுவ?' என்றார் அண்ணாச்சி. சென்ற நோன்பு மாதத்தில் கண்புரை அறுவைக்காக அவர் பத்து நாள் படுத்திருந்தார். அந்தப் பத்து நாளும் வண்டியும் படுத்திருந்தது. உம்மாவின் மருத்துவர் நாள் ஒன்று தவறிப்போயிற்று.

அதன்பிறகு, பழைய வண்டி வைத்திருப்போர்க்குரிய இலக்கணம் ஒன்றை நான் வகுத்துக்கொண்டேன். எந்த நாளிலும் அந்த வண்டி இல்லாமலும் சமாளிக்கக் கூடியவனே அதை வைத்துக்கொள்ளத் தகுந்தவன். தினமும் வேலைக்குப் போக ஒரே வண்டியாகப் பழைய வண்டியை நம்புபவன், வண்டியை வைத்திருக்கவில்லை. வண்டிதான் அவனை வைத்திருக்கிறது. சிக்கனம் என்று எண்ணி வாங்க வரும் இளைஞர்களிடம் நான் சொல்வதும் இதுவே. வாங்குகிற விலையைப் போல மற்றொரு பங்கைப் பட்டறைக்கென்று எடுத்துவைக்க இயலுமானால் வாங்குங்கள். தரைத் தகட்டைத் தட்டிப் பார்க்காமல், மேற்பூச்சின் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். எஞ்சினைச் செப்பனிடலாம், துரு தின்ற உடலைச் செப்பனிடுவது ஓட்டைப் பானையில் நீர் மொள்வதாகும்.

என் மனைவியிடம் ஆட்டோக்காரர் ஒருவருடைய தொலைபேசி எண் இப்போது உண்டு. அகலக் கதவுள்ள வண்டி அவருடையது. அண்ணாச்சியிடமோ வாரம் ஒரு மாலை போய் உட்காருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், கையில் நோட்டுப் புத்தகத்தோடு கூட வருகிறான். டாப்பெட் இடைவெளி என்ன, எந்த வண்டியின் புஷ்ஷைச் சிறிது தேய்த்தால் இதற்குப் பொருந்தும், மழைக்காலத்தில் எஞ்சின் கிளம்பாவிட்டால் முதலில் எதைத் துடைக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். முதலில் வேண்டா வெறுப்பாக வந்தவன், சென்ற வாரம் பாயிண்டைத் தானே கழற்றித் தேய்த்து மாட்டினான். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நோட்டில் இதுவரை நாற்பத்தொரு பக்கம் நிறைந்திருக்கிறது. பதிவு 2029 வரை செல்லும். அதற்குள் மீதிப் பக்கங்களும் நிறைந்துவிட வேண்டும்.