உனக்கு என்னடா அவசரம்?

1979-ல் அப்பா என்னைத் தோளில் சுமந்து காஞ்சிபுரம் போய் அத்திவரதரைக் காட்டினார். அப்போது எனக்கு 5 வயசு. ஞாபகத்தில் இருப்பது அப்பாவின் வழுக்கை மட்டும்தான்!

டிகிரி முடித்தபின், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிப்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே வேலை. புலம்பினால் அப்பா, ''பெருமாளே 40 வருஷம் அனந்தசரஸ் குளத்துத் தண்ணிக்குள்ள படுத்திருக்கார். உனக்கு என்னடா அவசரம்?'' என்பார்.

''அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா!'' என்பேன்.

மூன்றாம் தடவை புதுப்பித்த பிறகுதான் இன்டர்வியூ கார்டு வந்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி. ''அடுத்த தடவை வரதரை இதைப் போட்டுக்கிட்டுதான் பார்க்கப்போறேன்'' என்றார்.

வரதர் 2019-ல் வந்தார். அப்பா 2017-லேயே கிளம்பிவிட்டார்.

ஆறு மணி நேரம் க்யூவில் நின்றேன், சட்டைப்பையில் அந்தக் கண்ணாடியோடு. சந்நிதியில் அதை மாட்டிக்கொண்டேன். எல்லாமே மங்கல். பவர் வேறாச்சே!

'ரெண்டே வருஷம் முன்னால வந்திருக்கக் கூடாதா?' என்று பெருமாளிடம் சண்டை போட வாயெடுத்தேன். அதற்குள் ''நகருங்க, நகருங்க'' என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்தபோது காதில் கேட்டது அப்பாவின் குரல்தான். ''உனக்கு என்னடா அவசரம்?''

அடுத்த தரிசனம் 2059-ல். எனக்கு 85 ஆகியிருக்கும்.

அவசரமே இல்லை, பெருமாளே!